பழகிய காளான்

சனிக்கிழமை மர அறுவைப் பட்டறையில் வேலை பாதி நாளோடு முடிந்தது. ஜெனோன் வீட்டுக்குப் போகாமல் நேரே காட்டுக்குள் நுழைந்தான். மழைக்குப் பின் ஓடைக்கரை மரத்தடியில், விளிம்பு உள்ளே சுருண்ட பழுப்புக் காளான்கள் திரண்டிருந்தன. அதை ஒல்ஷூவ்கா என்பார்கள். விரல் பட்ட இடம் கறுக்கும். இரண்டு முறை கொதிக்கவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் விஷம் போய்விடும் என்பது ஊர் நம்பிக்கை. ஜெனோனின் அப்பனும் அப்படித்தான் தின்றான்.

போன வருஷம் சுகாதார நிலையத்துப் பெண் மாதா கோயில் வாசலில் நின்று, அதைத் தொடவே வேண்டாம் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னாள். படித்தவர்கள் வயிற்றுக்குத்தான் அது சேராது என்று ஜெனோன் சொல்ல, கூட்டம் சிரித்துக் கலைந்தது.

இந்தச் சனிக்கிழமை மாலை மனைவி யாத்விகாவின் அண்ணன் வித்தெக் குடும்பத்தோடு விருந்துக்கு வந்திருந்தான். யாத்விகா, ஜெனோன் பறித்துவந்த காளானை வேகவைத்து, வெங்காயத்தோடு வதக்கி எல்லாருக்கும் பரிமாறினாள். தன் தட்டில் மட்டும் உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டாள். பரிமாறுகிறவள் தானும் தின்றால்தான் அங்கே விருந்துக்கு மரியாதை.

"போன தடவையே வயித்தப் பெரட்டி எடுத்துருச்சு ஜெனோன். எனக்கு வேணாம்."

"பாரு மச்சான், நான் வெஷம் வச்சிருவேன்னு ஒன் தங்கச்சிக்குப் பயம்."

மேசையே சிரித்தது. அவனே ஒரு கரண்டி அள்ளி, புளித்த பாலாடை ஊற்றி, அவள் தட்டில் வைத்தான். வந்தவர்கள் முன்னால் புருஷன் முகம் வாடக் கூடாதென்று அவள் தின்றாள்.

மேசையைத் துடைப்பதற்குள் அவளுக்கு வாந்தி பிடித்துக்கொண்டது. மறுநாள் தோல் மஞ்சளித்தது, சிறுநீர் கருஞ்சிவப்பாய்ப் போனது. அந்தக் காளான் தின்னத் தின்ன உடம்பில் பகையைச் சேர்த்துவைக்கும், ஒருநாள் உடம்பே தன் ரத்தத்தை உடைக்கும், கொதிக்கவைத்தாலும் அது போகாது, யாருக்கு எப்போது என்றும் சொல்ல முடியாது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். சிறுநீரகம் நின்றுபோனது. அந்த வாரமே யாத்விகா கண்ணை மூடினாள்.

கல்லறைத் தோட்டத்தில் வித்தெக் ஜெனோனின் தோளைத் தொட்டான்.

"கெட்ட காளான் ஏதோ கலந்திருக்கும் மாப்ள. நாங்களுந்தான தின்னோம்? எல்லாம் விதி."

ஜெனோன் குழியில் மண் அள்ளிப் போட்ட கையை உதறக்கூட இல்லை. சுற்றி நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி நிதானமாகச் சொன்னான்.

"எதுவும் கலக்கல மச்சான். விதியும் இல்ல. அவ வேணாம்னுதான் சொன்னா, நான் சிரிச்சேன், நீங்களும் சிரிச்சீங்க. காலங்காலமாத் தின்னோம்னா வெஷம் வெஷமில்லாமப் போயிருமா? வேணாம்னு ஒருத்தர் சொன்னா, கையெடுத்துக் கும்பிடுறேன், அவங்க தட்டுல வைக்காதீங்க."