மமசாலியின் கரையில் அறுபது பாப்லர்

என் ஆப்ரிகாட் தோப்பைக் கொன்றவன் மமசாலி. அரசாங்கக் கூட்டுப்பண்ணை கலைந்தபோது யார் யாரையோ பிடித்து, ஊர்க் குளத்தையும் அதன் மண் அணையையும் தன் பேருக்கு எழுதிக்கொண்டான். கெண்டை மீன் விட்டான். மீனுக்குத் தண்ணீர் குறையக் கூடாதென்று நட்ட கோடையில் மதகை மூடினான். அணைக்குக் கீழே முதல் நிலம் என்னுடையது. நாற்பது மரமும் காயோடு கருகின.

கேட்கப் போனேன். "மழை வந்தா குடிக்கட்டும் உங்க மரம். குளம் என்னோடதுண்ணே" என்றான்.

பண்ணைக் காலத்தில் பதினோரு வருஷம் அந்த அணைக்கு நான்தான் காவல். கரையில் விரல் நீளம் கன்று முளைத்தாலும் பிடுங்கிப் போடச் சொல்வார்கள். மரம் உயிரோடு இருக்கும்வரை ஆபத்து வெளியே தெரியாது. வெட்டினால் வேர் உள்ளே மக்கிக் குழாயாகிவிடும். தண்ணீர் அதில் நுழையும். ஆடு விற்றுப் பெரிய ஆளான மமசாலிக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

மறுவருஷம் அவனுக்கு மகன் பிறந்தான். மகன் பிறந்தால், பின்னால் அவன் வீட்டுக்கு உத்தரமாகட்டும் என்று, நெட்டையாக வளரும் பாப்லர் மரம் நடுவது எங்கள் வழக்கம். ஈரமான இடமாயிற்றே என்று அணைக்கரை நெடுக அறுபது கன்று நட்டான். ஆடு அடித்து ஊரைக் கூப்பிட்டான். கூட்டத்தில் மூத்தவன் நான், ஆசி சொல்லும் முறை எனக்கு.

தடுக்க ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை. கையேந்தினேன்.

"வேர் ஆழமா இறங்கட்டும்!"

ஊரே 'ஆமீன்' சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டது. மமசாலி கொழுத்த துண்டாகப் பார்த்து என் தட்டில் வைத்தான். தின்றேன்.

பதினேழு வருஷம் கழித்து அறுபதையும் வெட்டி, அணைக்குக் கீழேயே மகனுக்கு வீடு கட்டினான். அதன்பின் நாள் தவறாமல் கரையடியில்தான் கழுதை மேய்த்தேன். மூன்றாம் வசந்தத்தில் ஈரம் தெரிந்தது. ஒரு வாரத்தில் மமசாலி என் வாசலுக்கு வந்தான்.

"அண்ணே, கரை ஒழுகுது. வந்து பாருங்க."

"என் வீட்டுக்கு வழி தெரியுமா தம்பி உனக்கு?"

"பழசை விடுங்கண்ணே."

போய்க் கசிவைக் கையில் ஏந்தினேன். தெளிந்த தண்ணீர் என்றால் பயமில்லை. இது சேறாக வந்தது. கரை உள்ளேயே கரைகிறது.

"மதகை முழுசாத் திறந்து குளத்தைக் காலி பண்ணு. இல்லேன்னா உன் மகன் வீடு இருக்காது."

"ஐயோ, மீனு?"

"அதுக்கு நீச்சல் தெரியும்."

"எதனாலண்ணே இப்படி?"

"பாப்லரு. வேரு மக்கி ஓட்டையாயிருச்சு."

வெட்டிய அடிமரங்களைத் திரும்பிப் பார்த்தான். "அப்பவே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா ஆசி சொன்னீங்க?"

"மனசாரச் சொன்னேன்."

அடிக்கக் கை ஓங்கினான். கீழே மருமகள் துணி உலர்த்துவது கண்ணில் பட்டது. கையை இறக்கிவிட்டு மதகுக்கு ஓடினான். திருகு துருவேறிக் கிடந்தது. கடப்பாரை போட்டு, உள்ளங்கை கிழிய, அவனே திறந்தான். நான் தொடவில்லை.

இருபத்தோரு வருஷம் கழித்து என் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. கூடவே கெண்டைகள், முழங்கை நீளத்தில், என் நிலம் முழுக்கத் துள்ளின. வாளியும் கோணியுமாக ஊர் ஓடி வந்தது. "தொடாதீங்கடா, என் மீனு!" என்று கரையிலிருந்து கத்தினான் மமசாலி. எல்லாரும் தயங்கி என்னைப் பார்த்தார்கள்.

"பெருசாப் பாத்து எடுங்க" என்றேன்.