நாற்பதாவது கையெழுத்து

ஒரு திட்டத்தால் பாதிக்கப்படுகிறவர்களைக் கூட்டி, அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதி மேலே அனுப்புவது அவள் உத்தியோகம். சுகாதாரத் துறையில் பத்தொன்பது வருஷம். அலுவலகத்தில் அவளுக்கு 'மைக் அக்கா' என்று பெயர். யார் திட்டினாலும் அழுதாலும் மைக்கை நீட்டியபடி அசையாமல் நிற்பாள். ஆரம்ப காலத்தில் கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனால் சோறு இறங்காது. இப்போது இறங்குகிறது.

இன்றைய கூட்டம், இந்த ஊர் ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் பிரிவை மூடி, மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியோடு சேர்ப்பது பற்றி. அவளுடைய அண்ணன் வாரத்துக்கு மூன்று நாள் படுப்பது அந்தப் பிரிவில்தான்.

விதி ஒன்று உண்டு. வருகைத்தாளில் நாற்பது கையெழுத்து இருந்தால்தான் கூட்டம் செல்லும். ஒன்று குறைந்தாலும் திட்டம் ஒரு வருஷம் கிடப்பில் போய்விடும். வந்தவர்களுக்கு இது தெரியாது. அவர்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இரண்டு மணி நேரம் கத்தினார்கள்.

"மூடுறதுன்னு முடிவு பண்ணிட்டு எங்ககிட்ட என்னம்மா கேக்குறீங்க? தலையை வெட்டிட்டுத் தொப்பிக்கு அளவு எடுக்குற மாதிரி இருக்கு!" என்றார் ஒரு லாரி ஓட்டுநர். எல்லோரும் சிரித்தார்கள். அதையும் எழுதிக்கொண்டாள்.

கூட்டம் கலைந்ததும் தாளை எண்ணினாள். முப்பத்தொன்பது. மறுபடி எண்ணினாள், அதேதான். காவலாளி நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்தான். அப்போதுதான் டயாலிசிஸ் முடிந்திருந்தது. இடது கையில் கட்டு.

"என்ன மைக் அக்கா, கடையைக் கட்டியாச்சா?" என்றான் தங்கையைப் பார்த்து.

"ம்."

"மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? ஆள் சேரலையா?"

"ஒரு கையெழுத்து குறையுது."

"அட லூசு, நான் எதுக்கு இருக்கேன்? பேனாவைக் குடு. உன் வேலைக்கு வேட்டு வெச்சுட்டா அப்புறம் என்னை யாரு பார்க்குறது?"

போடாதே என்று ஒரு சொல் சொன்னால் போதும். பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்து, எந்தக் கட்டம் என்று விரல் வைத்துக் காட்டினாள், எல்லோருக்கும் காட்டுவதுபோல. அவன் நிதானமாக முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

"மூடக் கூடாதுன்னு எங்க ஆளுங்க சொன்னதை எல்லாம் எழுதிட்டியா?"

"ஒண்ணு விடாம எழுதியிருக்கேன்."

அது உண்மை. பதினோரு பக்கம் வந்திருந்தது. மேலே இருப்பவர்கள், கூட்டம் செல்லுமா செல்லாதா என்று முதல் பக்கத்தை மட்டும் பார்ப்பார்கள் என்பதும் உண்மை.

"அப்ப சரி. ஒருவேளை மூடிட்டாங்கன்னா, காலையில ஏழு மணிக்கு அங்க இருக்க எந்த பஸ்ஸைப் பிடிக்கணும்?"

"மூணு அம்பதுக்கு முதல் பஸ்," என்றாள் யோசிக்காமல். திட்டத்தில் அந்த நேர அட்டவணையைச் சேர்த்தவளே அவள்தான்.

"அடேங்கப்பா! இனிமே கோழியை நான்தான் எழுப்பணும் போல."

அவன் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு தாளை உறையில் போட்டு ஒட்டி, தலைமை அலுவலகத்தின் விலாசத்தை எழுதினாள்.