நாற்பத்துமூன்று சென்டிமீட்டர்

இருபத்திரண்டு வருஷமாக என் சட்டைப் பையில் ஒரு கறுப்பு நோட்டு இருக்கிறது. வரைபடம் போடுகிறவர்கள் செய்யும் தப்பைத் தேதியோடு அதில் குறித்துக்கொள்வேன். வாயைத் திறக்க மாட்டேன். வேலை முடிந்து வழக்கு என்று வந்தால் அந்த நோட்டுதான் எங்கள் கம்பெனியைக் காப்பாற்றும். பின்லாந்தின் ஓலு நகரத்தில் என்சியோ என்றால் கெட்டிக்கார சைட் மேனேஜர் என்று எனக்குப் பேர் வந்ததே அதனால்தான்.

ரயில் பாதைக்கு அடியில் கட்டும் இந்தச் சுரங்கப்பாதைக்கு மட்டும் நகராட்சி வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டது. நகராட்சி, வரைபடக் கம்பெனி, கட்டும் கம்பெனியான நாங்கள், மூவருக்கும் ஒரே ஒப்பந்தம், உட்கார ஒரே பெரிய அறை. லாபமானாலும் நட்டமானாலும் மூவருக்கும் பங்கு. ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போடக் கூடாது. தப்பு செய்தவர் திங்கட்கிழமை காலை காபி நேரத்தில் தானே எழுந்து சொல்லிவிட வேண்டும். பாலர் பள்ளி நடத்துகிறார்கள் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். நோட்டு மட்டும் பையிலேயே இருந்தது.

மே மாதம் ஒரு திங்களன்று சினிக்கா எழுந்தாள். மழைநீர்க் குழாய்களை வரைந்தவள் அவள். முகம் வெளுத்திருந்தது.

“குழாய் போய்ச் சேர்ற எடத்துல உயரம் தப்பாயிடுச்சு. என் தப்புதான்.”

எங்கள் கரையில் நிலம் வருஷா வருஷம் கடலைவிட்டுக் கொஞ்சம் மேலே எழும்புகிறது. அதனால் உயரத்துக்குப் பழைய கணக்கு ஒன்று, புதுக் கணக்கு ஒன்று. நகராட்சிக் கால்வாயின் பழைய வரைபடத்தில் இருந்த எண்ணை இவள் புதுக் கணக்கு என்று எடுத்துவிட்டாள். வித்தியாசம் நாற்பத்துமூன்று சென்டிமீட்டர். இப்போது எங்கள் குழாய் கால்வாயைவிடத் தாழ்ந்து கிடக்கிறது. தண்ணீர் மேட்டில் ஏறுமா? எழுபது மீட்டரையும் தோண்டியெடுத்து மறுபடி புதைக்க வேண்டும்.

தான் விலகிக்கொள்வதாகவும் வேறு ஆளைப் போடும்படியும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பன்னிரண்டு பேரும் அவரவர் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தோம். யாராவது திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த வரைபடத்தின் மூலையில் பழைய கணக்கு என்று பொடி எழுத்தில் இருந்ததை ஏப்ரல் ஆறாம் தேதியே பார்த்திருந்தேன். பார்த்துக் குறித்தும் வைத்திருந்தேன். குழாயைப் புதைத்தது பதினாறாம் தேதி. இப்போதும் பேசாமலிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவள் போய்விடுவாள், நான் கெட்டிக்காரனாகவே இருப்பேன். அதை நினைத்ததும் என்மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது.

எழுந்தேன். “பொதைக்கறதுக்குப் பத்து நாள் முன்னாடியே நான் பாத்துட்டேன். சொல்லல.”

நகராட்சியின் ஹன்னெலே நிமிர்ந்தாள். “ஏன், என்சியோ?”

“பழக்கம்.”

நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

சினிக்கா அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். என் முகத்தில் வீசுவாள் என்று நினைத்தேன். அவளோ நிதானமாகப் பக்கம் புரட்டினாள்.

“கோழி கிண்டுன மாதிரி இருக்கு உன் கையெழுத்து,” என்றவள், கடைசிக் குறிப்பில் விரலை வைத்தாள். “கெழக்குச் சுவர்ல கேபிள் போற ஓட்டை வரையாம விட்டுப்போச்சுன்னு எழுதியிருக்க. போன வியாழக்கெழம தேதி. அந்தச் சுவருக்குக் கான்கிரீட் எப்போ?”

“இன்னிக்கு ஒம்பது மணிக்கு.”

அறைக் கடிகாரத்தில் மணி எட்டு ஐம்பத்திரண்டு. அவசரத்தில் போனில் எண்ணைத் தப்பாக அழுத்தினேன். இரண்டாம் முறை மேஸ்திரி எடுத்தார். லாரி வந்து நிற்பதாகவும் பம்பைப் போடப்போவதாகவும் சொன்னார். நிறுத்து என்றேன். யார் தப்பு என்று கேட்டார். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் நிறுத்து என்றேன். யார் தப்பு என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று என் வாழ்நாளில் நான் சொன்னதே இல்லை.

போனை வைத்தபோது சினிக்கா என் கோப்பையில் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். அந்த நாற்பத்துமூன்று சென்டிமீட்டர் நட்டம் ஒப்பந்தம் போட்ட மூன்று பேருடையது, யாரும் எங்கும் போக வேண்டாம் என்று ஹன்னெலே சொன்னாள். சினிக்கா தலையாட்டினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

நோட்டை என் பக்கம் தள்ளினாள்.

“இந்த வேலையில இன்னும் சொல்லாதது எத்தன இருக்கு?”

“பதினொண்ணு.”

“ஒக்காரு. மொதல்லேர்ந்து படி. சத்தமா.”