பாதிச் சேலை

நாராயணம்மா ஐஸ் பெட்டியின் மேல் விழுந்த வெயிலை முந்தானையால் மறைத்துப் பார்த்தாள். கை வலித்தது. எழுந்து அந்தப் பக்கம் போய் நின்றாள், அப்போதும் மறையவில்லை. ஷாமியானாவில் ஒரு கிழிசல். அதன் வழியே வெயில் நேராகப் பெட்டிக்குள் கிடந்த புருஷன் சென்னகிருஷ்ணனின் முகத்தில் இறங்கியது. உயிரோடு இருந்திருந்தால் இந்நேரம் ஏணி போட்டு ஏறியிருப்பான்.

இருப்புக் கொள்ளாமல் அலைந்தவளை நாத்தனார் வினோதா உட்காரச் சொன்னாள். எப்படி உட்காருவது? பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று பங்காளிகள் அவசரப்படுத்தினார்கள். சூளகிரி கம்பெனியில் லோடு ஏற்றும் ரோபோவில் அவனுக்குக் கீழே வேலை பார்த்த நான்கு பேரும் இன்னும் அங்கிருந்து கிளம்பவில்லை. என்னைத் தூக்கினால் என் பசங்கதான் தூக்கணும் என்று ஒருநாள் சோற்றுத் தட்டின் முன் விளையாட்டாகச் சொல்லியிருந்தான். அவள் அதைப் பிடித்துக்கொண்டு யாரையும் பெட்டியருகே விடவில்லை.

போன் அடித்தது. நால்வரில் ஒருவன், திருநெல்வேலிக்காரன் சுடலைமுத்து. மதியம் வரை ஒழுங்காக ஓடிய ரோபோ, இப்போது எதிரே பொருள் இருந்தும் இல்லை என்று நிற்கிறதாம். லோடு ஏறாமல் மேனேஜர் யாரையும் அனுப்பமாட்டாராம்.

"கேக்கக் கூடாதுதான் மதினி. இப்படி நின்னா என்ன செய்யணும்னு அண்ணன் வீட்டுல எதாச்சும் சொல்லிருக்காரா?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தவனையுமா வேலைக்குக் கூப்பிடுவார்கள்? திட்ட வாயெடுத்தவள், பெட்டிமேல் கிடந்த வெயிலைப் பார்த்து நிறுத்தினாள்.

ரோபோ வந்த புதிதில், இவர்கள் யாரும் வேலைக்குச் சேராத காலத்தில், வெயில் மேற்கே சாய்ந்தால் போதும், அது நின்றுவிடும். சென்னகிருஷ்ணன் சோறு இறங்காமல் திரிந்தான். கூரையின் பிளாஸ்டிக் தகடு வழியே வரும் வெயில்தான் சென்சாரைக் குழப்புகிறது என்று கண்டுபிடித்த மறுநாள், அவளுடைய கத்தரிப்பூ நிறச் சேலையைக் கேட்காமல் பாதியாகக் கிழித்துக்கொண்டு போனான். அதற்கு அவள் போட்ட சண்டை கெலமங்கலத்தில் அந்தத் தெருவுக்கே தெரியும்.

"மேல ஒரு சேலைத்துணி கட்டியிருந்துச்சே, அது இருக்குதா?"

"ஆடிட்டுன்னு நேத்து ராத்திரி சுத்தம் பண்ணோம். அழுக்குத்துணின்னு நான்தான் அவுத்தேன் மதினி."

"அதையே கட்டுங்க. ரெண்டா மடிச்சுக் கட்டணும். ஒத்தையா இருந்தா வெளிச்சம் வந்துரும்."

போனை வைத்துவிட்டு உள்ளே போய் பீரோவைத் திறந்தாள். மிச்சப் பாதி, தூக்கிப்போட மனம் வராமல், அடியில் கிடந்தது. இப்போது எதற்கு இது என்று வினோதா கேட்கக் கேட்க வெளியே வந்தாள். நாற்காலியில் ஏறி, இரண்டாக மடித்து, கிழிசலுக்குக் கீழே இழுத்துக் கட்டினாள். அவன் முகத்தில் நிழல் விழுந்தது. அதன் பிறகுதான் உட்கார்ந்தாள்.

வெயில் மங்குமுன் நான்கு பேரும் யூனிஃபார்மோடு வந்து சேர்ந்தார்கள். பெட்டியை நோக்கி வந்த சுடலைமுத்து நடுவில் நின்று மேலே கட்டியிருந்த சேலையை நிமிர்ந்து பார்த்தான். மற்ற மூவரும் பார்த்தார்கள்.

"ஓடுதா?" என்று நாராயணம்மா கேட்டாள்.

"ஓடுது மதினி."

நால்வரும் குனிந்து பெட்டியின் மூடியைத் தூக்கினார்கள். சேலை காற்றில் லேசாக ஆடியது. நிழல் முகத்தை விட்டு நகரவில்லை.