ஒரு வருஷத்துக்கு வழி

சனிக்கிழமை மூன்றிலிருந்து ஆறு வரை வக்கீல் குற்றாலலிங்கம் ஃபீஸ் வாங்குவதில்லை. சாலைக் கடைவீதியில் ஒரு இரும்புக் கடைக்கு மேலே அவருடைய ஆபீஸ். மாடிப்படியில் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். குமாஸ்தா பிஜி ஒவ்வொருவராக உள்ளே அனுப்புவாள். பதினான்கு வருஷமாக இப்படி. எதற்காகத் தொடங்கினார் என்பது அவருக்கு இப்போது சரியாக நினைவில்லை.

"சாரே, பக்கத்து வீட்டுப் பிலா மரம் எங்க கூரை மேல சாஞ்சிருக்கு. கொம்பை வெட்டலாமா?"

"உங்க பக்கம் வர்றதை வெட்டலாம். முதல்ல ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"அதுல சக்கைப் பழம் இருக்கே."

"சக்கை அவங்களுது."

"எங்க ஓட்டை உடைச்சிட்டு உள்ள விழுந்தா?"

"ஓடு உங்களுது. சக்கை அவங்களுது."

அந்த அம்மாள் பிஜியைப் பார்த்தாள். "இதுக்கு நான் ரெண்டு பஸ் மாறி வந்தேன்" என்றாள்.

அடுத்தவர் ஒரு சினேகிதனுக்காகக் கேட்பதாகச் சொன்னார். ஸ்டேஷனிலிருந்து போனில் கூப்பிட்டால் போக வேண்டுமா?

"எழுத்துல நோட்டீஸ் தரச் சொல்லுங்க."

"தந்தா?"

"போகணும். ராத்திரி சரியாத் தூங்கிட்டு, சாப்பிட்டுட்டுப் போங்க."

"சினேகிதன்தான் சார்."

"அவரையும் சாப்பிடச் சொல்லுங்க."

மூன்றாவதாக வந்தவள் சாவித்ரி. அறுபத்தெட்டு வயது. ஸ்ரீவராகத்து அக்ரஹாரத்தில் வீடு. நாற்காலியில் உட்காரும் முன்பே கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நாலரைக்கு நான் ஆஸ்பத்திரிக்குத் திரும்பணும். எங்காத்துக்காரரை மெஷின்ல விட்டுட்டு வந்திருக்கேன்."

"டயாலிசிஸா?"

"செவ்வாய், வியாழன், சனி. மூணு வருஷமாச்சு."

அவள் சொன்னது இது. வீட்டு வாசலில் ஏழு படி. படி முடிந்ததும் சாக்கடை ஓடை, ஓடையை ஒட்டி ரோடு. சரிவு போட இடம் இல்லை. சக்கர நாற்காலி பின்கட்டு வழியாகத்தான் போகும். பின்கட்டிலிருந்து பக்கத்து வீட்டுக் கொல்லையைக் கடந்தால் சந்து, அங்கே ஆட்டோ வரும். பக்கத்து வீட்டு நவநீத் பெங்களூரில் இருக்கிறான். அம்மா போன பிறகு வீட்டை விற்றுவிட்டான். வாங்கியவர் பெயர் ஆன்சன். புதன்கிழமை மதில் கட்ட ஆள் வருகிறார்கள்.

"வாசல் வழியா ரெண்டு பேர் தூக்கிட்டு இறங்க முடியாதா?"

"ஒரு நாள் மழையில அப்படித்தான் பண்ணினோம். நாலாம் படியில ஒருத்தன் வழுக்கினான். இவருக்குத் தோள் இறங்கிடுத்து. இன்னொரு தடவை விழுந்தா எலும்பு சேராதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"கொல்லை வழியா எத்தனை வருஷமாப் போறீங்க?"

"கல்யாணமாகி நான் வந்ததுலேர்ந்து. நாப்பத்தி நாலு வருஷம். முன்னே சைக்கிள், கேஸ் சிலிண்டர். இப்போ இவர்."

குற்றாலலிங்கம் பேனாவைத் திறந்தார். அன்று அவர் பேனாவைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

"இருபது வருஷம் போதும். தடையில்லாம, பகிரங்கமா, உங்க வழின்னு போயிருந்தா அது உங்க உரிமை. மதில் கட்ட முடியாது. திங்கட்கிழமையே தடை கேட்கலாம்."

சாவித்ரி முதல் முறையாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"பகவான் காப்பாத்தினார். நாங்களும் ஒரு குறையும் வெச்சதில்லை, கேட்டேளா. கேக்காம ஒரு நாளும் போனதில்லை."

பேனா நின்றது.

"யார்கிட்ட கேட்டீங்க?"

"நவநீத்தோட அம்மாகிட்ட. அதுக்கு முன்னாடி அவா மாமியார்கிட்ட. விஷுவுக்கு விஷு, வருஷப் பிறப்பன்னிக்கு, தட்டுல வெத்தலை பாக்கு பழம் வெச்சு, 'இந்த வருஷமும் வழி தரணும்'னு கேப்போம். 'ஆஹா, பேஷாப் போங்கோ'ன்னு அவா எடுத்துப்பா. எங்க மாமியார் காலத்துலேர்ந்து அப்படி."

அவர் மூடியைத் தேடினார். மேஜை விளிம்பில் இருந்தது. பேனாவை மூடினார்.

"அம்மா, கேட்டுப் போனா அது அனுமதி. உரிமை இல்லை. எத்தனை வருஷம் போனாலும் அனுமதிதான். வீடு கைமாறினா அதோட முடிஞ்சுது."

"புரியலை."

"யாரையும் கேக்காமப் போயிருந்தா வழி உங்களுது."

"திருடன் மாதிரியா?"

"சொந்தக்காரர் மாதிரி."

கீழே கடையில் யாரோ கம்பியை இழுத்துப் போட்டார்கள்.

"தட்டைப் பத்தி மனுவுல எழுத வேண்டாம்" என்றார் அவர்.

"கோர்ட்டுல கேட்டா?"

"நினைவில்லைன்னு சொல்லலாம்."

"நன்னா நினைவிருக்கே. கடைசியா அவாளுக்கு வெச்சப்போ ரசகதலி கிடைக்கலை, மலிவுப் பாளையங்கோடன் பழம் வெச்சேன். 'என்ன சாவித்ரி, இந்த வருஷம் வழி சின்னதா?'ன்னு கேலி பண்ணினா. நவநீத் பக்கத்துல நின்னு சிரிச்சான்."

நவநீத்தைத்தான் எதிர்த்தரப்பு சாட்சியாகக் கூப்பிடும். அவன் வாழைப்பழத்தைப் பற்றி மறக்காமல் சொல்வான். குற்றாலலிங்கத்துக்கு அந்த வழக்கு முழுவதும் தெரிந்தது, தீர்ப்பு வரைக்கும். அதற்குள் எத்தனை செவ்வாய், எத்தனை வியாழன் என்பதும் தெரிந்தது.

"அவர் நம்பர் இருக்கா?"

"யாரோடது?"

"மதில் கட்டறவரோடது."

சாவித்ரி கைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தாள். மணி நாலு இருபது.

திங்கட்கிழமை மாலை கோர்ட்டிலிருந்து நேராக ஸ்ரீவராகம் போனார். கொல்லையில் சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தார்கள். சிமெண்ட் கட்டைகள் அடுக்கி இருந்தன. மண்ணில் நாற்காலியின் இரண்டு தடங்கள் கோட்டைத் தாண்டிச் சந்துவரை போயின.

பின்கட்டு வாசலில் சாம்பசிவன் சக்கர நாற்காலியில் இருந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. முழங்கால் மேல் துண்டு.

"வக்கீல் சாரா? கேஸ் ஜெயிக்குமா, இல்லை நான் பறக்கப் பழகணுமா?"

"பேசிப் பார்க்கலாம் சார்."

"அப்போ ஜெயிக்காது" என்றார் சாம்பசிவன், கோபமில்லாமல்.

ஆன்சன் பாறசாலைக்காரர். பள்ளிக்கூட வாத்தியார். சட்டைப் பையில் சிவப்புப் பேனா. வந்ததும் சாம்பசிவனைப் பார்த்துக் கைகூப்பினார்.

"சாரே, எனக்கு இந்தச் சாமி மேல ஒரு விரோதமும் இல்ல. லோன் எடுத்து வாங்கின வீடு, பாத்துக்கிடுங்க. எனக்கும் ஒரு வக்கீல் உண்டு. அவரு சொன்னாரு, இன்னைக்கு விட்டா அது அவங்க வழியாயிரும், மதிலைக் கட்டு, பொறவு பேசுன்னு. அதாக்கும் கட்டுதேன்."

"சரியாத்தான் சொல்லியிருக்கார்."

ஆன்சன் இதை எதிர்பார்க்கவில்லை.

"நீங்க எங்கிட்ட வந்திருந்தா நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்" என்றார் குற்றாலலிங்கம். உண்மையில் இந்த வருஷம் நாலு பேருக்குச் சொல்லியிருந்தார். "ஆனா அவங்க கேட்டுப் போனா உங்களுக்குப் பயம் இல்லை. 'எனக்கு உரிமை இல்லை, உங்க சம்மதத்தால போறேன்'னு எழுதித் தந்தா, எத்தனை வருஷம் போனாலும் அது உரிமையாகாது. உங்க வக்கீல்கிட்டயும் கேளுங்க."

ஆன்சன் சந்துக்குப் போய் போனில் பேசினார். பத்து நிமிஷம் ஆனது. சாவித்ரி காப்பி கொண்டுவந்தாள். குற்றாலலிங்கம் கட்டைகள் மேல் உட்கார்ந்து குடித்தார். அன்று காலையிலிருந்து அவர் உட்கார்ந்த இடங்களில் இதுதான் வசதியாக இருந்தது.

"சம்மதம்" என்றார் ஆன்சன் திரும்பி வந்து. "மதில்ல ஒரு கதவு விடுதேன். சாவி எங்கிட்ட ஒண்ணு, அம்மாகிட்ட ஒண்ணு. ஆனா ஒரு காலக்கெடு போடணும்." குரலைத் தாழ்த்தினார். "சாமி இருக்குத வரைக்கும்னு எழுதுங்க. அது முடிஞ்சா கதவு அடச்சிருவேன்."

குரல் போதுமான அளவு தாழவில்லை.

"நல்ல ஏற்பாடு" என்றார் சாம்பசிவன். "இனிமே வாத்தியார் தினமும் வந்து என் உடம்பை விசாரிப்பார்."

"ஐயோ, அப்படி இல்ல சாமி."

"உட்காருங்கோ, உட்காருங்கோ. நாப்பது வருஷம் ஆடிட் ஆபீஸ்ல இருந்தேன். காலக்கெடு இல்லாத பேப்பர் பேப்பரே இல்லை."

குற்றாலலிங்கம் ஃபைலை முழங்கால் மேல் வைத்துத் தமிழிலும், கீழே மலையாளத்திலும் எழுதினார். சாவித்ரி கண்ணாடி போட்டுக்கொண்டு தமிழைப் படித்தாள். எனக்கு இந்த வழியில் எந்த உரிமையும் இல்லை என்ற வரியை நிற்காமல் கடந்தாள். அடுத்த வரியில் நின்றாள்.

"இது வேண்டாம்."

அவர் எழுந்து அவளைக் கிணற்றடிக்கு அழைத்துப் போனார்.

"அம்மா, அந்த வரி நமக்கு நல்லது. சார் இருக்கற வரைக்கும்னா வாத்தியார் நடுவுல மனசு மாறினாலும் நான் இந்தப் பேப்பரைக் காட்டிப் பேச முடியும். ஒரு வருஷம்னு போட்டா அடுத்த வருஷம் முடியாதுன்னு சொல்லிடலாம்."

"அவருக்கு முடிவு தேதி போட்டு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"தேதி இல்லையேம்மா. வெறும் வார்த்தை."

"வெத்தலை தட்டும் வெறும் தட்டுதான்னு இத்தனை வருஷம் இருந்தேன்."

அவரிடம் அதற்குப் பதில் இருந்தது. சட்டப்படி சரியான பதில். அதை விட்டுவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

"ஒரு வருஷம்னே போடுங்கோ" என்றாள். "விஷுவுக்கு விஷு நான் வந்து கேட்டுக்கறேன்."

"அவர் மறுத்தா?"

"மறுத்தா உங்ககிட்ட வரேன். சனிக்கிழமைதானே?"

அவர் அந்த வரியை அடித்தார். மேலே ஒரு வருஷம் என்று எழுதி, சிறிய கையெழுத்து வைத்தார். முப்பத்தைந்து வருஷத் தொழிலில் தன் கட்சிக்காரருக்கு இதைவிடப் பலவீனமான தாள் அவர் எழுதியதில்லை. ஆன்சன் இரண்டு முறை படித்தார். தனக்கு அதிகமாகவே கிடைத்திருப்பது அவருக்குப் புரிந்தது. ஏன் என்பது புரியவில்லை.

"அம்மா, விஷுவுக்குத் தட்டு கொண்டு வருவீங்கன்னு சாரு சொன்னாரு. நாங்க சர்ச்சுக்குப் போறவங்க. அதை என்ன செய்யணும்?"

"பழத்தைச் சாப்பிடணும்" என்றாள் சாவித்ரி.

கையெழுத்துப் போட்டாள். சாட்சியாகச் சாம்பசிவன் போட்டார். ஊசி குத்திக் குத்திக் கன்றிப்போன இடது கையால் தாளை அழுத்திக்கொண்டு, பழைய ஆபீஸ் எழுத்தில், முழுப் பெயரும் போட்டார். மை காய ஊதினார்.

குற்றாலலிங்கம் பையை எடுத்தார். இருட்டும் முன் வீடு போய்விடலாம் என்று நினைத்தார். ஆன்சன் குனிந்து, தடத்தின் குறுக்கே கிடந்த இரண்டு கட்டைகளை நகர்த்தினார்.

சாவித்ரி கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைத்தாள். பிறகு ஆன்சனைப் பார்த்தாள்.

"நாளைக்குப் பன்னிரண்டரைக்கு ஆட்டோ வரும். இந்த வழியாப் போகலாமா?"

ஆன்சன் கையிலிருந்த தாளைப் பார்த்தார், வக்கீலைப் பார்த்தார்.

"போங்கம்மா" என்றார்.