நாத்தனாருக்கு ஒழித்த அறை

கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க அடுத்தவர் மூக்கில் ஃபிரேம் மாட்டிப் பார்ப்பது அவளுக்கு வேலை. வீடு திரும்பும் வழியில் கைவேலைச் சாமான் கடை ஒன்று இருந்தது. அதுதான் வினை. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கடைக்குள் நுழைந்து வெறுங்கையோடு வெளியே வந்ததே கிடையாது. கம்பளி நூல்கண்டு, பாசிமணி, வண்ணக் காகிதம், ஃபெல்ட் துணி, எதற்கென்று அவளுக்கே தெரியாத கம்பிச் சுருள்கள் என்று எல்லாம் சேர்ந்து இரண்டாவது படுக்கையறையில் ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றன.

ஒருநாள் கணவன் சொன்னான்: "தங்கச்சி வர்றா. புருஷனோட இனிமே ஒத்துவராதாம். கொஞ்ச நாள் இங்கதான் இருப்பா. அந்த ரூமை ஒழிச்சுக் குடு."

தங்கச்சி என்றால், அவர்கள் குடும்பமே 'ஹெட்மாஸ்டர்' என்று கூப்பிடும் நாத்தனார். கல்யாணத்தன்று இவள் தலைப்பின்னல் சரியில்லை என்று கலைத்துவிட்டு, சபை பார்க்க மறுபடி வாரிவிட்ட புண்ணியவதி.

"ஹால்ல படுத்தா ஆகாதா அவளுக்கு?"

"அவ என் கூடப் பொறந்தவ."

"அப்ப உங்க மடியிலயே படுக்க வச்சுக்கோங்க."

சொன்னாளே தவிர, லீவு போட்டு உட்காரத்தான் செய்தாள். வைத்துக்கொள்வது இந்தப் பக்கம், கொடுப்பது அந்தப் பக்கம். இந்தப் பச்சை நூல் இனிமேல் கிடைக்காது. அந்த மணி உடைந்திருந்தாலும் கோத்தால் தெரியாது. வெட்டிய காகித ஓரங்கள்கூட எதற்காவது ஆகும். சாயங்காலம் பார்த்தால், கொடுக்கிற பக்கத்தில் காய்ந்துபோன பசை டப்பாவும் பிடி உடைந்த கத்தரிக்கோலும் கிடந்தன. விளக்குப் போட எழுந்தவள் கத்தரிக்கோலைத் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டாள்.

நாத்தனார் பெட்டியோடு வந்து அறை வாசலில் நின்றாள்.

"அண்ணி, இது ரூமா, குடோனா? நான் நூல்கண்டு மேலயா படுக்கறது?"

"பூனை படுக்கும். நீயும் படுத்துப் பாரேன்."

அந்த வாரம் நாத்தனார் சோபாவில் படுத்தாள். முதுகு வலிக்கிறது என்று அண்ணனிடம் சொல்லும்போதெல்லாம், இவள் காதில் விழுகிற மாதிரி பார்த்துக்கொண்டாள்.

பிறகு ஒருநாள் வேலை முடிந்து வந்தவள் மாடிப்படியில் அக்கம்பக்கத்தார் கும்பலைப் பார்த்தாள். நடுவில் நாத்தனார், சுற்றிலும் இவள் சாமான் நிறைந்த பைகள்.

"எடுத்துக்கோங்க, எல்லாம் புதுசு. அண்ணிக்கு இனிமே வேண்டாமாம்."

"வேண்டாம்னு யாருடி சொன்னா?"

கும்பல் கலைந்தது. ஆனால் கீழ்வீட்டு டிரைவிங் டீச்சர் ஒரு பை நிறைய நூலோடு அதற்குள் இறங்கிப் போயிருந்தாள். இவள் பின்னாலேயே போய்க் கதவைத் தட்டினாள்.

"அது என் நூல். குடுத்துடுங்க."

"குடுத்ததைத் திருப்பிக் கேக்கறீங்களே, வெக்கமா இல்ல?"

"நான் குடுக்கல."

டீச்சர் பையை வாசலில் விசிறிவிட்டுக் கதவை அறைந்தாள். நூல்கண்டுகள் கேட் வரை உருண்டு ஓடின. வேலைக்குப் போட்ட உடுப்போடு இவள் குனிந்து குனிந்து அவற்றைப் பொறுக்கினாள். நாத்தனார் மேலிருந்து கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு படிகூட இறங்கவில்லை.

மூச்சு வாங்க மேலே ஏறியதும் நாத்தனார் ஒரு பெட்டியை முகத்துக்கு நேரே நீட்டினாள். எம்பிராய்டரி சாமான் செட். மேலே சுற்றிய பளபளக் காகிதம் பிரிபடாமல் அப்படியே இருந்தது.

"உங்க கல்யாணத்துக்கு என் மொத சம்பளத்துல வாங்கினது. பிரிச்சுக்கூடப் பாக்கல."

உண்மைதான். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஆனால் தெருவே பார்க்க நூல் பொறுக்கிய அவமானம் விடவில்லை.

"பிரிச்சுப் பாக்கற அளவுக்கு நீ எனக்கு யாரு?"

நாத்தனார் நீட்டிய பெட்டியைக் கீழே வைத்தாள்.

"பரவால்ல அண்ணி. அவர் வீட்டுலயும் இதைத்தான் கேட்டாங்க."

சொன்னதை அள்ளி விழுங்கிவிடலாமா என்றிருந்தது. அதைச் செய்யாமல், வந்த ஆத்திரத்தை அறையின்மேல் காட்டினாள். ஒரு நாள் முழுக்கப் பிரிக்க முடியாததை இப்போது பாராமல் கொள்ளாமல் சாக்குகளில் திணித்தாள். நாத்தனார் கை பட்ட நூலைத் தொடவே பிடிக்கவில்லை. பச்சை போயிற்று, மணி போயிற்று, கம்பியும் போயிற்று. பக்கத்து மழலையர் பள்ளிக்கு ஃபோன் போட்டு, எல்லாவற்றையும் எடுத்துப் போக வண்டியை வரவழைத்தாள்.

"பாத்தியா, மனசு வச்சா எவ்வளவு சுளுவா முடியுது!" என்றான் கணவன்.

"மனசா? வெறுப்புல முடிஞ்சுது."

பரிசுப் பெட்டியை மட்டும் தனியாக அலமாரியில் வைத்திருந்தாள். அது ஏன் என்று யோசிக்க அவளுக்கு விருப்பமில்லை. நாத்தனார் வந்து அதை எடுத்து, வாய் கட்டாத கடைசிச் சாக்கில் போட்டாள்.

"இதை மட்டும் எதுக்கு வச்சுக்கிட்டு?"

ஒரு வார்த்தை சொல்லித் தடுத்திருக்கலாம். ஆனால் இவள் சாக்கின் வாயை இறுகக் கட்டி வண்டிக்காரரிடம் தள்ளினாள்.

அறை கிடைத்துவிட்டது. நாத்தனார் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் வாயில் 'அண்ணி' வரவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் "இங்க பாருங்க" என்பாள். இவளும் "என்ன?" என்று மட்டும் கேட்பாள்.