பாயை எடுத்த சியேனி

விடிந்தும் விடியாத நேரம். வாசலில் யாரோ பாயைப் போர்த்திக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருப்பதை சியேனிதான் முதலில் பார்த்தாள். அவள் எதிர்பார்த்ததுதான்.

அவள் புருஷன் லெமியைச் சாலையில் ஏதோ வண்டி அடித்துப் போட்டுவிட்டுப் போய் ஒரு மாதம் ஆகிறது. மறுநாள் சர்ச் சபை லாரியின் முன்பக்கம் நசுங்கிக் கிடந்தது. அதை ஓட்டுகிறவன் பெனி. வேறு யாரைச் சந்தேகப்பட? போலீஸ் கொண்டுபோனபோது நான் ஓட்டவில்லை என்றான். பின்னே யார் என்றால் வாயே திறக்கவில்லை. அவன் அம்மா தாலாவை ஊர்த் தலைவர்கள் ஊருக்கு வெளியே தள்ளினார்கள். அதற்கு முன்னாலேயே சியேனியும் சும்மா இருக்கவில்லை. ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு அன்பைச் சொல்லிக்கொடுக்கிற அதே வாயால், கொலைகாரனைப் பெற்றவளோடு ஒரே பெஞ்சில் உட்கார மாட்டேன் என்று ஆராதனை நடுவில் எழுந்து சொன்னாள். தாலா எழுந்து வெளியே போனாள்.

அப்புறம்தான் போதகர் எலிசாயா தினம் சாயங்காலம் வர ஆரம்பித்தார். கல்லையும் கரைக்கிற பேச்சு அவருக்கு.

“உங்க மன்னிப்புதாம்மா உங்க சாட்சி. ஊரே உங்களைத்தான் பாத்துக்கிட்டிருக்கு. யார் வந்து குனிஞ்சாலும் பாயை எடுத்துடுங்க.”

சியேனி அழுதாள், சண்டை போட்டாள், கடைசியில் சபை முன்னால் சரி என்றாள்.

இப்போது தம்பி இயோனா வெட்டுக்கத்தியோடு பின்னாலேயே வந்து நின்றான்.

“எடுக்காதே அக்கா. வெயில்ல கெடந்து கருவாடாகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்.”

“நாக்கை அடக்குடா. கர்த்தர் முன்னாடி வாக்குக் கொடுத்திருக்கேன்.”

எங்கள் தீவில் தப்பு செய்தவரோ அவர் வீட்டாரோ பாயைப் போர்த்திக்கொண்டு வாசலில் வந்து குனிவார்கள்; பாயை எடுத்தால் மன்னித்தாயிற்று. அதற்குமேல் கைவைக்கிறவன்தான் குற்றவாளி. எடுக்காவிட்டால் உள்ளே இருக்கிறவர் உயிருக்கு யாரும் பொறுப்பில்லை. தாலாதான் மகனுக்காக வந்திருக்கிறாள் என்று சியேனி நினைத்தாள். யாரென்று கேட்கக்கூட இல்லை. அக்கம்பக்கத்தார் பார்க்கட்டும் என்று கொஞ்சம் பெருமையோடேதான், சொன்னால் என்ன, பாயைத் தூக்கினாள்.

உள்ளே போதகர் இருந்தார்.

ஊர்த் தலைவர்களே எழுந்து இடம்விடுகிற மனுஷன், ஈரப் புல்லில் மண்டியிட்டிருந்தார்.

“லாரியை அன்னைக்கு நான்தான் பெனிகிட்ட வாங்கி ஓட்டிட்டுப் போனேன்,” என்றார். “பயந்துட்டேன். பெனி என்மேல உள்ள மரியாதைல வாயைத் திறக்கல.”

அத்தனை சாயங்காலமும் சியேனி கலந்து கொடுத்த கொக்கோவைக் குடித்துக்கொண்டு, அவளை அழவைத்து அழவைத்து இந்த ஆள் பக்குவம் பண்ணியது இந்த மன்னிப்பைத்தான். தனக்கென்று. அட பாவி மனுஷா என்று நினைத்தாள்.

“பாயைத் திரும்பப் போடு,” என்றான் இயோனா. “ஆள் தெரியாம எடுத்தேன்னு சொல்லு. ஊர் ஒத்துக்கும்.”

அவள் பாயைப் பிடித்தபடி நின்றாள். போடத்தான் கை துடித்தது.

“எடுத்தாச்சு,” என்றாள் கடைசியில். “கத்தியைக் கீழே போடு. ஐயா, நீங்க எந்திரிங்க. நேரா போலீஸுக்குப் போய்ச் சொல்லுங்க.”

போதகர் பழக்க தோஷத்தில் ஜெபிக்கக் கையைத் தூக்கினார்.

“அது வேண்டாம்,” என்றாள்.

அவர் போன பிறகுதான் தாலாவின் நினைப்பு வந்தது. இயோனா கூப்பிடக் கூப்பிட, பாயைத் தோளில் போட்டுக்கொண்டு சேப்பங்கிழங்குத் தோட்டங்களைத் தாண்டி நடந்தாள். தாலாவின் தகரக் கொட்டகை முன்னால் மண்டியிட்டு, பாயைத் தலைக்குமேல் இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

காலடிச் சத்தம் கிட்டே வந்தது.

“யாரது?”

“நான்தான் தாலா, சியேனி. உன் மகன் ஒண்ணும் பண்ணல. ஓட்டினது போதகர்.”

“தெரியும்,” என்றாள் தாலா. “பெனி எங்கிட்ட அன்னைக்கே சொல்லிட்டான். நீ கோயில்ல எந்திரிச்சுப் பேசினியே, அப்பவும் தெரியும். அவர் மேடைலதான நின்னுக்கிட்டிருந்தார். நான் சொல்லியிருந்தா நீ நம்பியிருப்பியா?”

சியேனி நம்பியிருக்க மாட்டாள். பாய்க்குள்ளிருந்தே அதை வாய்விட்டுச் சொன்னாள்.

தாலா அங்கேயே நின்றாள். பாயை எடுக்கவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை.